ஆயா என்ன சொல்வாள்?

வணக்கம். இந்நேரம் பல வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். வேலையை விடவேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் வையுங்கள். நான் பேசப்போவதும் ஓர் அடுப்படிக் காட்சியைப் பற்றித்தான்.

தென்னாப்பிரிக்காவுக்கு டெலிவிஷன் வந்தது 1976 ஜனவரியில். அதற்கு முன்னால் டர்பனில் நமக்கு அவலான், ஷாஜகான் என்று தியேட்டர்கள். அதற்கும் முன்னால் கரும்புத் தோட்டத்தில் விடிய விடியத் தெருக்கூத்து. இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் விழுந்தது. பெயர் என்னவானால் என்ன, கூத்துக்காரர் வாயில் தமிழ் இருந்தது. இன்று நாமே எடுக்கும் படத்திலும் நாடகத்திலும் எவ்வளவு இருக்கிறது? ஒரு ஐயோ, ஒரு அம்மா, அப்புறம் தட்டில் நாலு வடை.

சில வருஷங்களுக்கு முன்பு டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு டிவி நாடகப் படப்பிடிப்பு. தமிழ் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், 'ஆயா தமிழில் திட்டுகிறாள்.' அவ்வளவுதான். வசனம் இல்லை! பேரனுக்குப் பக்கம் பக்கமாக ஆங்கில வசனம் எழுதியவர், ஆயாவுக்கு ஒரு வரி எழுதவில்லை. "நீங்களே ஏதாவது போடுங்கள்" என்றார் டைரக்டர்.

என் ஆயாவை நினைத்துப் பார்த்தேன். கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். இரவு நேரம் கழித்து வீட்டுக்குள் நுழைந்தால், பானையைப் பார்த்துக்கொண்டே, "கஞ்சி ஆறிப்போச்சு" என்பாள். அதற்குப் பிறகு யாருக்குச் சோறு இறங்கும்? அந்த வரியையே கொடுத்தேன்.

நடித்த அம்மாவுக்குத் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில் எழுதி உள்ளங்கையில் வைத்திருந்தார். திட்டு என்று சொல்லிவிட்டார்களே, முதல் டேக்கில் கூரை அதிரக் கத்தினார். "அவனைப் பார்க்காதீர்கள் அம்மா, பானையைப் பாருங்கள்" என்றேன். இரண்டாவது நன்றாக வந்தது. பாதியில் ஹடீடா கத்திக்கொண்டு பறந்தது. அந்தப் பறவை உங்கள் வீட்டுக்கு மேலேயும் பறக்கிறதுதானே, சத்தத்தை நான் சொல்லவேண்டியதில்லை. சவுண்ட்காரர் தலையில் கைவைத்தார். மூன்றாவது டேக்கில் பேரன் கஞ்சியை நிஜமாகவே குடித்துவிட்டான். முந்தின டேக்கில் டம்ளர் நிறைய இருந்ததே! மறுபடி ஊற்றி, மறுபடி விளக்கைச் சரிசெய்து... ஒன்பதாவது டேக்கில் அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்து, குரலே எழாமல் சொன்னார். கேமராக்காரருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

இதைத்தான் நான் பத்து வருஷமாகச் சொல்லிவருகிறேன், இன்னும் சொல்வேன்: ஆயாவுக்கும் வசனம் எழுதுங்கள். நடிகர் வந்து பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். தமிழ் தெரியாத எழுத்தாளர் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும், ஸ்கிரிப்ட் எழுதும்போதே. படப்பிடிப்பு அன்றைக்குக் கூப்பிட்டால் என்னைப்போல ஒருவர் ஓடிவந்து ஒட்டுப்போடத்தான் முடியும்.

ஜயன் மூட்லி இயக்கிய 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' 2017இல் வந்தது. சாட்ஸ்வொர்த்தின் இரண்டு அம்மாக்களுக்குள் நடக்கும் போட்டி. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதன் தொடர்ச்சியாக இன்னும் மூன்று படங்கள் வந்துவிட்டன. பார்க்க ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்லமுடியாது.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரல் காட்டுகிறார், ஒரு நிமிஷமாம். நாடக ஆசிரியர் ரானி கவண்டரைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன். கேட்டோ மேனரில் 1934இல் பிறந்தவர், நம் ஆட்கள் பேசுகிற ஆங்கிலத்தைக் கூச்சப்படாமல் மேடையேற்றியவர். அவர் ஆங்கிலத்துக்குச் செய்ததை நம் வீட்டுத் தமிழுக்கு... சரி, தம்பி கையை ஆட்டிவிட்டார். நம் சீட்டாட்டமான துன்னிக்குத் தண்ணி என்ற சொல்லிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்லும் கதையும் பாக்கி. வணக்கம்.