பழைய பிக்கப்புக்கு எஞ்சின் தேடிப் போகிறவர்களுக்கு

வணக்கம் நேயர்களே.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் விலையைக் கேட்ட பலர் பேசாமல் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய ஹைலக்ஸுக்கே திரும்பிவிட்டார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். என்னுடையது எல்.என். 106, நாலு சக்கர இழுவை உள்ள டீசல் பிக்கப்.

எஞ்சின் கையை விரித்ததும், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். டொயோட்டாவின் எல் வரிசை எஞ்சின்கள் ஒரு குடும்பம். 2 எல் என்றால் 2446 சிசி, 3 எல் 2779, 5 எல் 2986. அண்ணன் தம்பி மாதிரி ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும், பழைய கியர்பொக்ஸும் சேர்ந்துகொள்ளும். டொயோட்டா பிராடோ ஜீப்பில் வருகிற 1 கே.ஸெட். அப்படி இல்லை. அதன் டீசல் பம்ப்புக்குக் கம்ப்யூட்டரும் வயரிங்கும் வேண்டும். விலை மலிவென்று ஆசைப்பட வேண்டாம்.

என்னுடையதில் இருந்தது 3 எல். கடையில் கிடைத்ததும் 3 எல், டொல்பின் ஹயஸ் வானிலிருந்து கழற்றியது. பிளொக்கில் எழுத்தைப் பார்த்தேன், சரி. பழைய எஞ்சினைத் தந்தால் விலையில் கழிப்போம் என்றார்கள். அன்றைக்கே ஏற்றி அனுப்பிவிட்டேன்.

கராஜில் செயின் புளொக்கில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கினோம். மௌண்டிங் துளைக்கு இன்னும் மூன்று விரல் இருக்கும்போது, எண்ணெய்ச் சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி, முன் அச்சில் போய்க் குந்திவிட்டது. ஹயஸுக்கு அந்த இடத்தில் அச்சே கிடையாது, ஆகவே சம்பின் வயிறு வேறு மாதிரி. எண்ணெய் உறிஞ்சும் குழாய், மௌண்டிங் பிராக்கெட் எல்லாம் பழையதிலிருந்து கழற்றிப் போட வேண்டியவை. பழையது எங்கே? மறுநாள் பஸ் ஏறினேன். நல்லகாலம், அவர்கள் இன்னும் பிரிக்கவில்லை. என் சம்பை நானே காசு கொடுத்து வாங்கிவந்தேன்.

ஆகவே புதியது வண்டியில் ஏறி ஒரு கிழமை ஓடும்வரை பழைய எஞ்சினை யாருக்கும் கொடுக்காதீர்கள், எவ்வளவு கழிப்பதாகச் சொன்னாலும்.

வாங்கும்போது தரையில் வைத்தே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள். அதற்கு முன் பிளொக்கில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆறவிட்டுக் கேளுங்கள். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளக்கூடாது. முடிந்தால் நாலு சிலிண்டருக்கும் கொம்ப்ரஷன், அதாவது உள்ளே அமுக்கம் எவ்வளவு என்று பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டோ கியர் வண்டியிலிருந்து வந்த எஞ்சின் என்றால் பின்னால் ஃபிளைவீல் இருக்காது, கிராங்கின் நடுவில் பைலட் பெயாரிங்கும் இருக்காது. கையால் கியர் மாற்றும் வண்டிக்கு இரண்டும் வேண்டும். ரைமிங் பெல்ட்டை எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வால்வுகள் போகும், பிறகு ஹெட்டும் கழற்ற வேண்டும்.

அப்புறம் எஞ்சின் இலக்கம். பழையதன் இலக்கம்தான் உங்கள் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. பற்றுச்சீட்டையும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் கடையிலேயே கேட்டு வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியுங்கள். பத்திரம் பிறகு தருகிறோம் என்கிற கடையில் நான் இப்போது எஞ்சின் பார்ப்பதே இல்லை.

நன்றி, வணக்கம்.