கதவுச் சிலந்திக்குப் பெயர் வைப்பது

வணக்கம் நேயர்களே. பிரேசிலில் ஒரு மண்கரையில், மண்ணில் வளை தோண்டி அதன் வாய்க்குக் கதவு போட்டு வாழும் கதவுச் சிலந்தி ஒன்று அகப்படுகிறது, அது என்ன இனம் என்று சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

முதலில் நிறத்தை விட்டுவிடுங்கள். கறுப்பு, பழுப்பு, பளபளப்பெல்லாம் பல இனங்களுக்குப் பொது. கண்ணைப் பாருங்கள். எட்டுக் கண்ணும் தலையின் முன்பக்கம் முழுக்க அகலமாகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் ஆக்டினோபஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். இரண்டு கண் மட்டும் முன்விளிம்பு வரை வந்து, மற்ற ஆறும் பின்னால் கூடி நின்றால் இடியாப்ஸ் என்ற வேறொரு பேரினம். இடியாப்ஸ் நம் இந்தியாவிலும் உண்டு. ஆக்டினோபஸின் நெருங்கிய சொந்தக்காரர்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள்.

சரி, பேரினம் தெரிந்துவிட்டது. இனம்? இங்கேதான் தலைவலி. ஆணுக்கு வாயருகே இருக்கும் குட்டிக் கால்களின் நுனியில் விந்தைச் செலுத்தும் உறுப்பு ஒன்று உண்டு, அதன் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு வயிற்றுக்குள் விந்து சேமிக்கும் பை, அதை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கிடைத்தால் பரவாயில்லை, ஆனால் பெண் தக்கை மாதிரி தடித்த கதவைச் சாத்திக்கொண்டு வாழ்நாள் முழுக்க வளைக்குள்ளேயே இருக்கும், ஆணோ வயதுக்கு வந்ததும் வளையை விட்டுப் பெண் தேடி அலைந்து, ஆய்வாளர்கள் புதைத்து வைத்த குழிப்பொறியில் தனியாக விழும். அதனால் ஆணை மட்டும் வைத்தோ பெண்ணை மட்டும் வைத்தோ பெயரிட்ட இனங்கள் நிறைய. அவற்றில் இரண்டு பெயர்கள் ஒரே இனத்தைக் குறிக்கலாம், யார் கண்டது!

ஆக்டினோபஸை 1833-இல் பெயரிட்டவர் பெர்ட்டி என்ற இயற்கை ஆய்வாளர். சிலந்தி ஆய்வாளர்கள் மிக்லியோ, பெரெஸ் மைல்ஸ், பொனால்டோ மூவரும் 2020-இல் இந்தப் பேரினத்தை முழுக்க மறுஆய்வு செய்து ஏராளமான புது இனங்களைச் சேர்த்தார்கள். பழைய பெயரைச் சரிபார்க்க, முதலில் பெயரிட்டபோது பார்த்து, பத்திரப்படுத்தி வைத்த அதே சிலந்தியின் உடலை எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் 2010-இல் சாவோ பாவ்லோவின் புட்டான்டன் நிறுவனத்திலும் 2018-இல் ரியோவின் தேசிய அருங்காட்சியகத்திலும் தீப்பிடித்து, சிலந்தித் தொகுப்புகள் எரிந்து போயின. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

அப்புறம், படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: மேலிருந்து எடுத்தால் போதாது. முகத்துக்கு நேரே ஒரு படம், கதவின் படம், இடம், தேதி எல்லாம் வேண்டும். குட்டிச் சிலந்தி என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இனம் காட்டும் உறுப்புகள் அதற்கு இன்னும் வளர்ந்திருக்காது.