தப்பைக் குறித்துக்கொண்டு வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஏழு நாள் முகாம்தான். ஊர் முனையில் ஒரு பேனர், குளத்தங்கரையில் கருவேல முள் வெட்டும் மாணவர்கள், கடைசி நாள் நிறைவு விழாவில் ஆளுக்கொரு துண்டு. முகாமைக் குறை சொல்ல நான் வரவில்லை. பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகப் படுத்துத் தூங்கியதையும், தாங்களே சமைத்த உப்பில்லாத சாம்பாரையும் எங்கள் பழைய மாணவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கு முகாமைத் தவிர இன்னொரு பாதி உண்டு. சேரும் மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வழக்கமான பணி செய்ய வேண்டும். அந்த மணி நேரமெல்லாம் எங்கே போகிறது? பெரும்பாலும் பேரணி, உறுதிமொழி, பிறகு கல்லூரி விழாவில் நாற்காலி போடுவது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் வெயிலில் நிற்பதும் இதில் சேர்த்தி.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அந்த 120 மணி நேரத்தில் ஒரு பங்கைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளோடு செலவிட ஆரம்பித்தோம். அதில் கல்லூரி மாணவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை அவர்களுடைய ஆசிரியர்கள் சொல்வதுதான் முறை.

இந்தத் திட்டம் தொடங்கியது 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி, காந்தி நூற்றாண்டையொட்டி. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். படிக்கிற பிள்ளைகள் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும், அந்த அனுபவமும் படிப்பில் ஒரு பகுதியாக வேண்டும் என்பது அப்போதைய எண்ணம். எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது வயல் வேலையும் கல் குவாரி வேலையும் முடித்து வந்த பெண்கள், தெருவிளக்கின் கீழே எழுதப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அப்போது கையெழுத்துப் போடப் பழகிய பாட்டிகள்தான் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதனால், "காலேஜ் பிள்ளைங்க சொல்லிக்கொடுக்க வருதுங்க" என்றால் ஊரில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

நாங்கள் போவது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகள் ஐந்து. ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்தையும் பார்க்க வேண்டும். அங்கே போய் எங்கள் மாணவர்கள் "பாடம் எடுப்பதில்லை". இதைத் தலைமையாசிரியரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஒரு மாணவர் இரண்டு மூன்று குழந்தைகளோடு தரையில் உட்கார வேண்டும். அவர்கள் வாசிப்பதைக் கேட்க வேண்டும், அவர்கள் கணக்குப் போடுவதைப் பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கும். ஒரு புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி, மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு 43-இல் 18-ஐக் கழிக்கச் சொன்னாள். சிறுமி 35 என்று எழுதினாள். தப்பு என்று அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். எங்கள் மாணவி, "எப்படிம்மா 35 வந்துச்சு?" என்று கேட்டாள். "அக்கா, 3-ல 8 போகாதுல்ல? அதான் 8-ல 3 போக 5-னு போட்டேன். 4-ல 1 போக 3." பாருங்கள், குழந்தை ஒரு விதியை உண்டாக்கி, அதைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறது. பெரியதில்தானே சிறியதைக் கழிக்க முடியும்?

நம் மாணவியும் தன் ஆசிரியர் தனக்குச் சொன்னதையே சொன்னாள். "பக்கத்துல கடன் வாங்கு." குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்குனதை எப்பக்கா திருப்பிக் குடுக்கணும்?" என்றது.

அக்காவிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். நாலு கட்டு, மூன்று உதிரி. எட்டு குச்சி வேண்டும், உதிரியில் மூன்றுதான் இருக்கிறது. சரி, ஒரு கட்டைப் பிரி. இப்போது மூன்று கட்டு, பதின்மூன்று உதிரி. எட்டை எடுத்தால் உதிரியில் ஐந்து, ஒரு கட்டை எடுத்தால் மிச்சம் இரண்டு கட்டு. இருபத்தைந்து. நோட்டை மாற்றிச் சில்லறை வாங்குகிற மாதிரிதான் இது, இதில் கடன் எங்கே வந்தது? அன்று மரத்தடியில் அந்த மாணவி சொன்னாள்: "சார், இத்தனை வருஷமா கழித்தல் போடுறேன், ஏன் அப்படிப் போடுறோம்னு இப்பத்தான் புரியுது." கல்லூரியில் நான் அவளுக்கு நடத்திக்கொண்டிருந்தது நுண்கணிதம்!

தமிழ் வாசிப்பிலும் இப்படித்தான். 'கொக்கு' என்ற சொல்லை ஒரு பையன் "கெ... ரக்கு" என்று படித்தான். வணிகவியல் மாணவர் ஒருவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தார். 'கொ' எழுத்தில் முன்னால் கொம்பு, பின்னால் கால். அந்தக் காலுக்கும் 'ர'வுக்கும் அச்சில் எவ்வளவு வித்தியாசம்? கீழே ஒரு சின்னக் கோடு. அந்தப் பையன் கண்ணால் பார்த்ததை நேர்மையாகப் படித்திருக்கிறான். இன்னொரு குழந்தை 'கௌதாரி'யைக் "கெளதாரி" என்றது. அதற்காகக் குழந்தையைக் கோபித்துக்கொள்ள முடியாது, கணினியில் தட்டச்சு செய்யும் பெரியவர்களே கொம்பு, க, ள என்று அடித்துவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் ஏற்பாட்டில் முக்கியமான பகுதி பள்ளி விட்ட பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிற அரை மணி நேரம். ஆளுக்கொரு நோட்டு. ஆரம்பத்தில் அதில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "குழந்தைகள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தனர். எனக்கு மனநிறைவாக இருந்தது." பக்கம் பக்கமாக இதே மனநிறைவு. படித்துப் படித்து அலுத்துப்போய், இனிமேல் மகிழ்ச்சியை எழுத வேண்டாம், குழந்தை செய்த ஒரு தப்பையும் அது ஏன் அப்படிச் செய்திருக்கும் என்பதையும் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் பேச்சே மாறியது. ஒருவர் கொண்டுவரும் தப்பை இன்னொருவர் வேறு விதமாக விளக்குவார். வாக்குவாதம் வரும். அடுத்த வாரம் போய்ச் சோதித்துப் பார்ப்பார்கள். சேவை செய்கிறோம் என்கிற மிதப்பு போய், துப்பறிகிற ஆர்வம் வந்துவிடும். இந்த நோட்டு இல்லாமல் வருடம் முழுக்கப் பள்ளிக்குப் போய் வந்தாலும் மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், அதற்கு மேல் எதுவும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மாணவர்களில் பாதிக்கு மேல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், இதே மாதிரிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். புரியாததை மனப்பாடம் பண்ணியே கல்லூரி வரை வந்துவிட்டதாக ஒரு பையன் மரத்தடியில் வெளிப்படையாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. இப்போது வகுப்பில் நான் ஒரு தேற்றத்தை எழுதினால் "ஏன் சார்?" என்று அவன்தான் முதலில் கேட்கிறான். பாடம் மெதுவாகத்தான் நகர்கிறது, பரவாயில்லை.

ஆசிரியர் வேலையை மாணவர் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோதும் இந்த விவாதம் நடந்தது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க, மாலை 5 முதல் 7 வரை தன்னார்வலர்களை வைத்து நடத்திய திட்டம் அது. எங்கள் மாணவர்கள் ஆசிரியருக்கு மாற்று கிடையாது. காலியிடத்தை நிரப்ப ஆள் கேட்டால் நாங்கள் போவதில்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தக் குழந்தை எந்த நிலை என்பதையும், யாரோடு உட்கார வேண்டும் என்பதையும் ஆசிரியர்தான் சொல்வார். அதற்கு மேல் நாங்கள் கைவைப்பதில்லை.

சில கட்டுப்பாடுகளும் வைத்திருக்கிறோம். குழந்தையோடு தனி அறையில் உட்காரக் கூடாது. படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. சாக்லேட் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. எல்லாவற்றிலும் பெரியது, வருகிறேன் என்று சொன்ன நாளில் வராமல் இருக்கக் கூடாது. செமஸ்டர் தேர்வுக்காக விடுவதாக இருந்தால் முன்கூட்டியே நாட்காட்டியில் தேதியைக் காட்டிக் குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்துக் கல்லூரியின் திட்ட அலுவலரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சுவருக்கு வண்ணம் அடிக்க ஐம்பது பேர் வேண்டும் என்று கேட்காதீர்கள். வாரம் ஒரு நாள், அதே நான்கைந்து பேர், வருடம் முழுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள், அப்போதுதான் கால அட்டவணையில் புதன்கிழமை மதியத்தைக் காலியாக வைக்க எங்களால் கல்லூரி முதல்வரிடம் பேச முடியும். டிசம்பருக்குப் பிறகு என்றால் முகாம் வேலை வந்துவிடும், கருவேல முள் வெட்டத்தான் ஆள் இருக்கும்.

நன்றி, வணக்கம்.