ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்

வணக்கம் நேயர்களே. கொழும்புக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் நீர்கொழும்புக்குப் போனால் என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வாத்தியாருக்கு ஐந்து நிமிடம் எப்படிப் போதும்? சரி, பார்ப்போம்.

எப்போது போகக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஹட்டனிலிருந்து மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். பிள்ளைகளுக்கு மீன் ஏலம் பார்க்க வேண்டுமாம். இருட்டோடு எழுந்து, புறக்கோட்டையில் 240 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து, தூங்கி வழிந்துகொண்டு போய் இறங்கினோம். கரையில் வள்ளங்கள் எல்லாம் சும்மா கிடக்கின்றன. ஏலமும் இல்லை, காகமும் இல்லை. கோவில் மணி மட்டும் கேட்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை மறித்து, "ஐயா, இன்றைக்கு மீன் வராதா?" என்று கேட்டேன்.

"இண்டைக்குக் கடலுக்குப் போற இல்ல தம்பி. பூசைக்குப் போற" என்றார்.

அங்கே மீன்பிடிக் குடும்பங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஞாயிறு கடலுக்கு ஓய்வு. அது தெரியாமல் போனது என் பிழை. ஆனால் அந்தப் 'போற' என்னைப் பிடித்துக்கொண்டது. யார் போறது? நானா, நாங்களா, அவர்களா? பிறகு போன போதெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். அந்தக் கரைத் தமிழில் ஆள் யாரானாலும் வினைச்சொல் ஒரே முடிவோடு நிற்கிறது. சிங்களத்தில் 'மம யனவா, எயா யனவா, அபி யனவா' என்கிறார்களே, அதே மாதிரி. இரண்டு மொழியையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு வாழ்கிற சனம். மொழியியலாளர்கள் இந்தத் தமிழைத் தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் மட்டும், நாற்பது வருடம் தமிழ் படிப்பித்துவிட்டு, அன்றைக்கு அதைப் பிழை என்று மனதுக்குள் திருத்திக்கொண்டு நின்றேன்!

அதனால்தான் சொல்கிறேன், போனால் கதையுங்கள். மீன் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கதையுங்கள்.

கிழமை நாளில், விடிந்தவுடன், அங்குள்ள ஒல்லாந்தர் கோட்டைக்குக் கிட்ட உள்ள மீன் சந்தைக்குப் போங்கள். லெல்லம என்று கேட்டால் ஓட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். சூரை, அறக்குளா, பாரை எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். நல்ல செருப்புப் போடாதீர்கள். அப்படியே கடற்கரைப் பக்கம் நடந்தால் கருவாடு காயும் இடம். மீனைக் கீறிக் குடலை எடுத்து, கழுவி, உப்பில் போட்டு வைத்து, பிறகு தும்புப் பாயில் விரித்துவிடுகிறார்கள். வெயில் பிடித்தால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மழை இருட்டினால் பெண்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் கதை கொடுக்காதீர்கள். பாயின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுங்கள்.

கடலில் குளிக்கும் எண்ணம் இருந்தால் மே தொடக்கம் செப்டெம்பர் வரை வேண்டாம். சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார். களப்பு இறாலைப் பற்றிச் சொல்ல இருந்தேன், முடியவில்லை. ஒல்லாந்தர் கோட்டையில் மிஞ்சியிருப்பது வாயிலும் கொஞ்சம் மதிலும்தான், உள்ளே இப்போது சிறைச்சாலை. ஆகவே வெளியிலிருந்தே பாருங்கள். ஊரார் ஒல்லாந்தர் வாய்க்கால் என்று சொல்லும் ஹமில்ட்டன் கால்வாய் 1802 இல் வெட்டத் தொடங்கியது, வெட்டியவர்கள் ஆங்கிலேயர். படகில் போகலாம், காலையில் போங்கள்.

இன்னும் ஒன்று. கருவாடு வாங்கினால் இரண்டு மூன்று பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நானாகவும் இருக்கலாம். வணக்கம்.