மழை நாளிலும் வெளியே எடுக்கும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்கு நாள்தோறும் போய்வர எடை குறைந்த மின்சார ரோடு பைக்கை எப்படித் தயார்செய்வது என்று பேச வந்திருக்கிறேன். ரோடு பைக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான டயர், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஓட்டுபவர் சற்றே குனிந்து உட்கார்ந்திருப்பார். இப்போது அதே வண்டியின் பின்சக்கர நடுவிலோ பெடல் அருகிலோ சின்ன மோட்டார் ஒன்றை வைத்து, பேட்டரியை ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள் மறைத்து விற்கிறார்கள். சாதாரண மின்சார சைக்கிள்கள் பல 20 கிலோவைத் தாண்டி 25 கிலோ வரை போகும். இந்த வகை 11 முதல் 15 கிலோவுக்குள் நின்றுவிடும். தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம்.

சைக்கிளில் மோட்டார் என்பது நேற்று வந்த யோசனை இல்லை. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைத்து 1895-ஆம் ஆண்டின் கடைசி நாளில் காப்புரிமை பெற்றுவிட்டார். மிதிக்கும் காலின் அழுத்தத்தை அறிந்து அதற்குத் தக்கபடி கைகொடுக்கும் சைக்கிளை யமஹா நிறுவனம் ஜப்பானில் 1993-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய வண்டிகள் சிலவற்றில் இரண்டு யோசனைகளும் சேர்ந்திருக்கின்றன.

இந்த மோட்டார் நமக்கு எங்கே உதவுகிறது? சமதரையில் சீராகப் போகும்போது அவ்வளவாக இல்லை. சிக்னலில் நின்று கிளம்பும் இடத்தில்தான். நீங்கள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து 10 விநாடியில் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டுமானால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் 200 வாட்டுக்கு மேல் ஆகும். அதிகம் பழகாத ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 100 வாட். அதனால்தான் சிக்னலுக்குச் சிக்னல் மூச்சு வாங்குகிறது, சட்டை நனைகிறது. அந்த இடைவெளியை மோட்டார் நிரப்புகிறது. ஐரோப்பிய விதிப்படி 25 கிலோமீட்டர் வேகத்தோடு மோட்டார் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கனமான வண்டியென்றால் அந்த வேகத்துக்கு மேல் மிதிக்க மனமே வராது. எடை குறைந்த வண்டி அதற்கு மேலும் சாதாரண சைக்கிளாகவே ஓடும். எனக்கு இந்த வகை பிடித்துப்போனதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆக, உடம்பின் சிரமத்தை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. மழையையும் இருட்டையும் பையையும் பஞ்சரையும் அது பார்த்துக்கொள்ளாது. வேலைக்குப் போகும் சைக்கிள் ஒன்று வீட்டு மூலையில் சாய்ந்துவிட்டதென்றால், விசாரித்துப் பாருங்கள், இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இந்த நான்குக்கும் உரிய பொருள்களை வண்டியில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தால், தேவைப்படும் நாளில் அது அலமாரியில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எதிர்ப்பு வரும். என் இளம் நண்பர் ஒருவரிடமிருந்தும் வந்தது. புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். "அண்ணா, 12 கிலோதான். ஒரு கையால் தூக்கிப் பாருங்கள்" என்றார். தூக்கினேன். உண்மையிலேயே அழகான வண்டி. "மட்கார்டு எப்போது போடப் போகிறாய்?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "எடைக்காகத்தானே இவ்வளவு செலவழித்தேன், அதில் போய் மட்கார்டு, கேரியர் என்று ஏற்றுவதா?" என்றார்.

அவருடைய கேள்வி நியாயமானது. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மட்கார்டு இரண்டு, கேரியர், விளக்குகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2 கிலோ. நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, அந்த 2 கிலோவுக்காக நாம் கூடுதலாகத் தர வேண்டியது 4 வாட். 200 வாட், 250 வாட் தரக்கூடிய மோட்டார் அருகில் இருக்கும்போது, இந்த 4 வாட்டுக்காக ஒருவர் முதுகில் சேறு வாங்க வேண்டுமா? பந்தயத்துக்குப் போகிறவர் கிராமைக் குறைக்கட்டும். மோட்டார் வைத்த வண்டிக்காரருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அன்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்காலம் தொடங்கிய சில நாள்களில் வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். நான் போய்ப் பார்த்தபோது செயின் முழுவதும் செம்பழுப்பாகத் துருவேறி, பெடலைச் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம் கேட்டது. பலரும் கவனிக்காத விஷயம் இது. முன்சக்கரம் அள்ளும் தண்ணீர் முகத்தில் மட்டும் தெறிப்பதில்லை. டயரின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி நேராக உங்கள் காலணியிலும், பெடல் அச்சிலும், செயினிலும் போய் அடிக்கிறது, தெருவின் மணலையும் சேர்த்துக்கொண்டு. ஆகவே முன்பக்கம் நாலு விரல் நீளத்துக்குப் பெயரளவில் ஒரு தகட்டை மாட்டுவதால் பயனில்லை. முன் மட்கார்டு சக்கரத்தின் பின்புறமாக நன்றாகக் கீழே இறங்க வேண்டும். அதன் நுனியில் ரப்பர் துண்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். தரையில் உரசாத அளவுக்கு அது தாழ்வாகத் தொங்கட்டும். பழைய டியூபை வெட்டினாலே அந்த ரப்பர் கிடைத்துவிடும்.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் உட்கார்ந்து மாட்டினோம். முதலில் டயரை முடிவுசெய்தோம். அவருடைய ஃபிரேமில் மட்கார்டோடு சேர்த்து 28 மில்லிமீட்டர் டயருக்குத்தான் இடம் இருந்தது. மட்கார்டு டயரைவிட 8 முதல் 10 மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரங்களில் தண்ணீர் வழியும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் ஒன்று நுழையும் இடைவெளி விட்டு, சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதை அருகில் வைத்துக் கேட்டோம். எங்காவது உரசினால் சர்ரென்று தெரிந்துவிடும். தாங்கு கம்பிகள் நீளமாக வந்தன. அளந்து, ரம்பத்தால் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகளைப் போட்டு முடுக்கினோம். சாதாரண நட்டு அதிர்வில் கழன்று எங்கோ விழுந்துவிடும். முன் மட்கார்டில் இன்னொன்று அவசியம். குச்சி எதுவும் சிக்கினால் தாங்கு கம்பி தானாகக் கழன்றுகொள்ளும்படி ஒரு பிளாஸ்டிக் கிளிப் வரும். அது இல்லாத மட்கார்டை முன்னால் மாட்டாதீர்கள். சிக்கிய குச்சி சக்கரத்தை ஒரே கணத்தில் நிறுத்தி, ஓட்டுபவரைத் தலைகுப்புறத் தள்ளிவிடும்.

நண்பர் அந்த மழைக்காலம் முழுவதும் வண்டியை எடுத்தார். இப்போது தன் அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் மட்கார்டு மாட்டிக்கொடுக்கிறார்.

மட்கார்டிலேயே நேரம் போய்விட்டது, ஆனாலும் சொல்ல வேண்டியதுதான். அடுத்தது டயர். இடம் இருந்தால் 32 மில்லிமீட்டர் போடுங்கள். நடுவில் பஞ்சர் தடுப்பு அடுக்கு வைத்த டயராகப் பாருங்கள், சில கிராம் கூடினால் கூடட்டும். கல்போல் காற்றடைத்தால் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை. குண்டும் குழியுமான சாலையில் அது குலுக்கலைத்தான் கூட்டும். நடுத்தர எடை உள்ளவர் காற்றழுத்தத்தை 32 மில்லிமீட்டர் டயருக்கு 60 பி.எஸ்.ஐ. அளவில், 28-க்கு 75 அளவில் தொடங்கிப் பார்க்கலாம். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். பின்டயருக்கு எப்போதும் சற்றுக் கூடுதல், ஏனென்றால் உங்கள் எடையில் பெரும்பகுதி, பை, மோட்டார் எல்லாம் அங்கேதான் உட்காருகின்றன. வாரம் ஒருமுறை அழுத்தமானி வைத்துப் பாருங்கள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது.

பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் பஞ்சர் பார்ப்பதில் ஒரு வேறுபாடு உண்டு. பல வண்டிகளில் அந்தச் சக்கரத்தைக் கழற்ற அதற்குரிய ஸ்பானரோ சாவியோ வேண்டும், மோட்டாருக்குப் போகும் மின்கம்பியையும் பிரிக்க வேண்டும். அந்த இணைப்பில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சின்ன அம்புக்குறி இருக்கும். நேராக இழுங்கள், திருகாதீர்கள், உள்ளே இருக்கும் ஊசிகள் வளைந்துவிடும். திரும்ப மாட்டும்போது அம்பும் அம்பும் நேருக்கு நேர் வந்த பிறகே அழுத்துங்கள். வீட்டில் வெளிச்சத்தில் ஒருமுறை இதைச் செய்து பழகிவிட்டால் இருட்டில் கை தடுமாறாது. இன்னும் எளிய வழியும் இருக்கிறது. டியூப் போட்ட டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, ஓட்டையான இடத்தில் டியூபை வெளியே இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, பசையின் பளபளப்பு மங்கும்வரை பொறுத்து, ஒட்டுத்துண்டை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளை எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

பையை முதுகில் சுமக்காதீர்கள். மோட்டார் வியர்வையைக் குறைத்தாலும் முதுகுப்பை அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கேரியரில் மாட்டுங்கள். ரோடு பைக்கில் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 41, 42 சென்டிமீட்டர்தான் இருக்கும். பக்கவாட்டில் பெரிய பையைத் தொங்கவிட்டால் மிதிக்கும்போது குதிகால் அதில் இடிக்கும். வாங்கும் முன்பே பையை மாட்டி, சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். இடித்தால் சின்ன பை, அல்லது பையைச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டலாம். கேரியருக்கான திருகு துளைகள் ஃபிரேமில் இருக்கின்றனவா என்று வண்டி வாங்கும்போதே பாருங்கள். கார்பன் சீட் கம்பத்தில் இறுக்கிப் பிடிக்கும் கேரியரை மாட்டவே கூடாது. இறுக்கத்தில் கார்பன் விரிசல் விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். விளக்கும் பேட்டரியும் மிச்சம் இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கை வண்டியின் பேட்டரியிலிருந்தே எரியும்படி இணைக்க வழி இருந்தால் அப்படியே செய்யுங்கள். தனியாகச் சார்ஜ் போடும் விளக்கு தேவையான இரவில் அணைந்துவிடும். முன்விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கி வையுங்கள், எதிரில் வருபவருக்குக் கண் கூசக் கூடாது.

பேட்டரி ஃபிரேமுக்குள் இருப்பதால் பல வண்டிகளில் அதைத் தனியாகக் கழற்ற முடியாது. வண்டியே மின்சாரப் பிளக் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும், ஆகவே வாங்கும் முன் அந்த இடத்தை முடிவுசெய்யுங்கள். இந்த வகையில் பேட்டரி கொள்ளும் மின்சாரம் பெரும்பாலும் 250 வாட்-மணியிலிருந்து 360 வரை. மிதமான உதவியில் கிலோமீட்டருக்கு 6 வாட்-மணி ஆகிறதென்றால் 250-இல் 40 கிலோமீட்டர் வரும், எதிர்க்காற்றும் மேடும் அதைக் குறைக்கும். நூறு விழுக்காடு ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள். வாரக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதிக்குச் சற்று மேல் ஏற்றி, நிழலில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் போட வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவந்து, அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். பூட்டைப் பற்றிப் பேச நேரம் இல்லை. நன்றி, வணக்கம்.