வீடு வேணாம், கடை மட்டும் வேணுமா? தாமான் டேவான் கூட்டம் – என் மனசுல பட்டது

வணக்கம் மக்களே, பசியாறிட்டீங்களா? நீங்க கேட்டுக்கிட்டே இருக்கிற அந்த நெத்திலி சம்பல் வீடியோ வரும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. நேத்து ராத்திரி நம்ம தாமான் (குடியிருப்பு) டேவான்ல, அதான் பொது மண்டபத்துல, இங்க அடுக்குமாடி கட்டுறதப் பத்தி கூட்டம் நடந்துச்சு, போயிட்டு வந்தேன். இன்னும் எனக்குச் சூடு இறங்கல. தே-ஓ ஒரு கிளாஸ் ஊத்திக்கிட்டு அப்படியே கேமரா முன்னால உக்காந்துட்டேன்.

புதுசா பாக்குறவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன். நம்ம டவுன் மலேசியாவுல, குவாலா சிலாங்கூர் மாவட்டத்துல, தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற டவுன். நம்ம நாட்டுல வியாபாரத்துக்குன்னு முதன்முதலா செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டது 1917ல, தென்னமரம் தோட்டத்துல. இங்கேருந்து மோட்டோவுல போற தூரம்தான். அப்படிப்பட்ட ஊர்ல இப்ப தோட்டம் போயி தாமான் தாமானா வந்துக்கிட்டு இருக்கு. லயத்த, அதான் தோட்டத் தொழிலாளருங்க வரிசை வீட்ட, இடிச்ச வீடியோ போட்டேன்ல, அதைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

இப்ப பிரச்சன என்னான்னா, தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால மிச்சம் இருக்கிற செம்பனை நிலம். வரைவு ரஞ்சாங்கான் தெம்பாத்தான்ல, அதாவது எந்த நிலம் எதுக்குன்னு சொல்ற வட்டாரத் திட்டத்துல, அதை வீட்டு நிலமா மாத்தி அடுக்குமாடி கட்டலாம்னு போட்டிருக்காங்க. டேவான் சுவத்துல பெரிய பிளான் ஒட்டியிருந்துச்சு. நான் கிட்டப் போயி மூக்கு ஒட்டுற மாதிரி நின்னு பாத்தேன். அந்த நிலம் முழுக்க ஒரே நிறம். கடைக்குன்னு ஒரு விரல் அகலத்துக்குக்கூட வேற நிறம் இல்ல. பக்கத்துல மேம்பாட்டாளர் கொண்டுவந்த படம் ஒன்னு இருந்துச்சு. ரெண்டு பிளாக்கு, கீழ நாலு மாடிக்கும் கார் பார்க், சுத்தி வேலி, ஒரே ஒரு கேட். ரோட்டுப் பக்கமா நடந்து போறவங்களுக்குத் தெரியப் போறது காங்கிரீட் சுவரு மட்டும்தான்.

கூட்டத்துல முன் வரிசையில உக்காந்திருந்த ஒரு அண்ணன் எழுந்தாரு. "டென்சிட்டி, அதான் வீட்டு நெருக்கம், கூடவே கூடாது, தாமான் நெரிசலாயிடும், வீட்டு விலை இறங்கிடும், வெளியாளுங்க வந்துடுவாங்க"ன்னாரு. ஒரே கைத்தட்டல். சரி, அது அவர் கருத்து. அதே அண்ணன் மைக்க விடாம அடுத்து என்ன கேக்குறாரு தெரியுமா? "இந்தத் தாமான் வந்து இத்தன வருஷமாச்சு, ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை உண்டா, ஒரு மளிகைக் கடை உண்டா?" அதுக்கும் அதே கைத்தட்டல்! எனக்கு அங்கதான் பொறுக்கல. எழுந்து கேட்டுட்டேன். "அண்ணே, வீடு வேணாம், ஆளு வேணாம்னு சொல்றீங்க, கடை மட்டும் எப்படிண்ணே வரும்? கடைக்காரர் யாருக்கு விப்பாரு?"

கணக்குப் போட்டே காட்டுறேன். நம்ம தாமான் நுழைவாயில்ல ரெண்டு வரிசை ரெண்டு மாடிக் கடை இருக்குல்ல? கீழ கடை வாடகை 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேக்குறாங்க. கடையில ஒரே ஒரு ஆளு வேலைக்கு வெச்சா 1,700 வெள்ளி. குறைஞ்சபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்ட்லேர்ந்து சின்னக் கடைக்கும் அதுதான். அதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்ல, உழைக்கிறவங்களுக்குக் குடுத்துத்தான் ஆகணும். ரெண்டையும் கூட்டுனா 3,500. நாளைக்குப் பாத்தா 117 வெள்ளி கிட்ட வருது. மளிகைக் கடையில ஒரு ஆளு வந்து முட்டையும் ரொட்டியும் வாங்குனா ரெண்டு வெள்ளி லாபம் நின்னாலே பெருசு. அப்ப தினமும் 58, 59 பேரு கடைக்குள்ள வந்தாத்தான் வாடகையும் சம்பளமும் மட்டும் தேறும். கரண்டு பில்லு, கெட்டுப்போற காய்கறி, மொதலாளி வீட்டுச் சாப்பாடு எதுவும் இதுல சேரல. நம்ம தாமான்ல எல்லார்கிட்டயும் கார் இருக்கு, வாரத்துக்கு ஒருக்கா பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயி அள்ளிக்கிட்டு வந்துடுறாங்க. நடந்து வர்ற தூரத்துல இருக்கிற வீடு கொஞ்சம். அதான் அந்த வரிசையில ஒரு டோபி, ஒரு டியூஷன் சென்டர், ஒரு டயர் கடை, மிச்சமெல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடக்கு.

இதுல என் தேங்காய்ப்பால் கதைய நான் சொல்லியே ஆகணும். போன வெள்ளிக்கிழம வீட்டுல விருந்தாளி. எங்க வீட்டுக்காரர் காரை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு. பாக்கெட் பால் நான் தொடமாட்டேன், என் வீடியோ பாக்குற எல்லாருக்கும் இது தெரியும். ஊத்துன உடனே குழம்பு வாசனையே மாறிடும், எனக்கு ஆகவே ஆகாது. அரைக் கிலோ புதுசா பிழிஞ்ச பால் வேணும். டவுன்ல அந்தச் சீன ஆண்ட்டி கடைக்குத்தான் போகணும். ஆப்புல கார் கூப்பிட்டேன். போக 8 வெள்ளி. ஆண்ட்டி மெசின்ல போட்டுப் பிழிஞ்சு, பிளாஸ்டிக் பையில ஊத்தி, ரப்பர் பேண்டு ரெண்டு சுத்து சுத்திக் குடுத்தாங்க, பை இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு. அது 7 வெள்ளி. வர்றதுக்கு மழ தூறிடுச்சு, கார் 9 வெள்ளி. ஏழு வெள்ளி சாமானுக்குப் பதினேழு வெள்ளி கார் காசு! மொத்தம் 24 வெள்ளி. அந்தக் காசுக்கு அன்னைக்கு ஒரு முழுக் கோழியே வாங்கியிருக்கலாம். கார் ஓட்டாத பாட்டிங்க, மோட்டோ லைசென்ஸ் இல்லாத பொண்ணுங்க, இவங்கெல்லாம் தினம் இந்தக் காசு குடுக்கணுமா? எனக்கு அதை நெனச்சாலே ஆத்தாமையா இருக்கு.

இன்னொன்னு சொல்ல விட்டுட்டேன், வீட்டு நெருக்கத்தப் பத்தி. ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. நம்ம தொடர் வீடு 20க்கு 70 அடி, அதாவது 1,400 சதுர அடி. வெறும் வகுத்தல் போட்டா ஏக்கருக்கு 31 வீடு வரும். ரோடு, பின்சந்து, கால்வாய், பூங்கா எல்லாம் கழிச்சா அதுல பாதிதான் தேறும், கடைக்கு நடந்து வர்ற ஆளும் அந்த அளவுக்குத்தான். ரோடு அகலமா அகலமா போட்டுக்கிட்டே போனா, மூணு சந்து தாண்டி இருக்கிற வீட்டுக்காரங்க நடந்தே கடைக்கு வரமாட்டாங்க, கார எடுப்பாங்க. கார எடுத்தவங்க நம்ம கடையில நிக்க மாட்டாங்க, நேரா ஹைவே போயிடுவாங்க.

எங்கம்மா வளந்தது லயத்துல. அங்க பாருங்க, வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கும், பெரட்டுக்களம் (காலையில பேர் கூப்பிடுற இடம்), ஆயாக்கொட்டாய் (சின்னப் புள்ளைங்கள பாத்துக்கிற இடம்), கோயிலு, பள்ளிக்கூடம், கடை எல்லாமே கால் நடையில. உப்பு தீந்துபோச்சுன்னா புள்ளைய அனுப்புவாங்க, அடுப்புல உலை கொதிக்கிறதுக்குள்ள வந்துடும். நான் லயத்துக்குத் திரும்பிப் போகணும்னு சொல்லல. அந்தக் கடையில கடன் பத்து எழுதி எழுதி, சம்பள நாளு வந்தா பாதிச் சம்பளம் கடைக்காரர் கைக்கே போயிடும்னு அம்மா சொல்லி அழுதிருக்காங்க. ஒரே கடை, வேற போக்கிடம் கிடையாது. எனக்கு வேணுங்கிறது கிட்ட இருக்கிற கடை, அதுவும் ஒன்னுக்கு நாலா.

இப்ப அடுக்குமாடின்னா நம்ம பெரியவங்க பயப்படுறாங்களே, அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். இன்னைக்கு புத்ராஜெயா இருக்கிற இடத்துல பெராங் பெசார், கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டங்க இருந்துச்சு. அந்த சனங்கள டெங்கில் ஊர்ல தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில கொண்டுபோய் வெச்சாங்க. சுவரு வெடிப்பு விட்டு, அவங்க எத்தன வருஷம் தரை வீடு கேட்டுப் போராடுனாங்கன்னு நம்ம பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. அது இல்லாம அஞ்சு மாடி மலிவு விலை பிளாட்டுல லிப்ட் கிடையாது. முட்டி வலிக்கிற பாட்டி அஞ்சாவது மாடியில மாட்டிக்கிட்டா கீழ கடை இருந்து என்ன பிரயோசனம்? லிப்ட் இருந்தாலும் பராமரிப்புக் காசு கட்டணும், அதுக்கு மேல பத்து விழுக்காடு சிங்கிங் ஃபண்டு, அதான் பெரிய ரிப்பேருக்குச் சேத்து வெக்கிற காசு, கட்டணும். பாதிப் பேரு கட்டலைன்னா லிப்ட் நின்னுடும். கால்வாய் கேள்வியும் நியாயமானதுதான். 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல வந்த வெள்ளத்த யாரும் மறக்கல. செம்பனை நிலம் குடிச்ச தண்ணிய காங்கிரீட் குடிக்காது. தண்ணி தேக்குற குளம் எங்க, எவ்வளவு பெருசுன்னு பிளான்ல காட்டச் சொல்லணும்.

அதனால நான் அடுக்குமாடிக்கு ஆதரவு, அந்தப் படத்துக்கு எதிர்ப்பு. தெளிவா சொல்றேன், ஏன்னா வாட்சப் குருப்புல ஏற்கனவே "அக்கா மேம்பாட்டாளர் பக்கம் போயிட்டாங்க"ன்னு ஓடுதாம். ரோட்டப் பாத்த மாதிரி கீழ்த்தளத்துல கடை வேணும். 20க்கு 70 பெருங்கடை வேணவே வேணாம், அதை வாங்குறவங்க முதலீடுன்னு பூட்டி வெச்சுடுறாங்க. 10க்கு 15 அடி சின்னக் கடையா போடுங்க, வாடகை சின்னதா இருக்கும். நம்ம அபோம் சுடுற அக்கா, பூக்கட்டுற அக்கா, தோசைக்கடை அண்ணன் இவங்க தாங்குற வாடகை. அப்புறம் மூலை வீட்டுல நாசி லெமாக் விக்கிற அக்காமாருக்கு ஒரு முறையான லைசென்ஸ் வழி திறந்து விடணும். நம்ம தாமான்லயே ஒரு அக்காவுக்கு நோட்டீசு வந்து, மேசையத் தூக்கி உள்ள வெச்சுட்டாங்க. புகார் குடுத்தது அவங்ககிட்ட காலையில வாங்கிச் சாப்பிட்ட பக்கத்து வீடு. இதை என்னால ஜீரணிக்கவே முடியல.

கூட்டத்துல ஒரு தம்பி கேட்டான், "அக்கா, பிடிக்கலைன்னா அடுத்த தேர்தல்ல ஓட்டு மாத்திப் போட்டுடலாம்ல?" தம்பி, இந்தப் பிளான போடுற ஊராட்சி மன்றத்துக்கு நம்ம ஓட்டே கிடையாது. 1965ல, கொன்ஃப்ரொந்தாசி, அதான் இந்தோனேசியாவோட மோதல், நடந்த நேரத்துல தேர்தல நிறுத்தினாங்க. 1976 ஊராட்சிச் சட்டம், 171வது சட்டம், அதை ஒரேயடியா எடுத்துடுச்சு. மன்ற உறுப்பினருங்க 8 பேருக்குக் குறையாம 24 பேருக்கு மிகாம மாநில அரசு நியமிக்குது. தேர்தல திரும்பக் கொண்டு வரணும்னு 1968ல அறிக்கை குடுத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கினது நம்ம அரசியல்வாதி அதி நாகப்பன். கோலாலம்பூர்ல தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்ல அவர் பேர்ல ரோடு இருக்கு. அறிக்கைய அரசாங்கம் ஏத்துக்கல. அதனால நம்மகிட்ட இப்ப இருக்கிற ஒரே ஆயுதம் இந்த வரைவுத் திட்டத்துக்கு எழுதிக் குடுக்குற ஆட்சேபப் போராங், அதாவது படிவம்தான்.

அதே 1976ல வந்த 172வது சட்டம், நகர்ப்புற கிராமப்புறத் திட்டச் சட்டம். அதுப்படி வரைவுத் திட்டத்த குறைஞ்சது நாலு வாரம் மக்கள் பார்வைக்கு வெச்சு ஆட்சேபம் வாங்கணும். இந்தக் கட்டத்துல வாடகைக்கு இருக்கிறவங்களும் எழுதலாம். இதை விட்டுட்டா, அப்புறம் திட்ட அனுமதி நேரத்துல பக்கத்து நிலச் சொந்தக்காரங்களுக்குத்தான் நோட்டீசு, அதுவும் வட்டாரத் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான், 21 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். அதனால இப்பவே எழுதுங்க.

நான் இன்னைக்குக் காலையிலேயே குடுத்துட்டேன். மன்றக் கவுண்டர்ல இருந்த பாப்பா போராங்க வாங்கி ஃபைலுக்குள்ள வெச்சுட்டு "ஓகே கக்" (சரிக்கா)ன்னுச்சு. நான் நகரல. "தங்கச்சி, என் காப்பியில தெரிமா சாப்பு, அதான் வாங்கிக்கிட்டோம்ங்கிற முத்திரை, குத்திக் குடு"ன்னேன். சாப்பு உள்ள இருக்காம், ஆபீசர் மீட்டிங்ல இருக்காராம். பரவால்ல, நான் உக்காந்திருக்கேன்னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். கடைசியில அந்தப் பாப்பாவே போயி எடுத்துக்கிட்டு வந்துச்சு. இதோ பாருங்க, கேமராவுக்குக் கிட்டக் காட்டுறேன். ஊதா மை, தேதி, கையெழுத்து. மை காயாம இருந்துச்சுன்னு ஊதி ஊதித்தான் பையில வெச்சேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! நாளைக்கு "உங்க கடிதம் வரல"ன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.

ஆங், கார் பார்க் பத்தி நிறைய பேரு கேட்டிருந்தீங்க. என் போராங்ல நாலாவது பாயிண்டா அதைத்தான் எழுதியிருக்கேன்: கார் பார்க் பின்பக்கம் போகட்டும், முன்பக்கம் கடையும் அஞ்சடி நடைபாதையும் வரட்டும், பள்ளிக்கூடப் பக்கம் நடந்து போற புள்ளைங்களுக்கு ரெண்டாவது கேட் ஒன்னு வேணும். போகும்போது ஐசி (அடையாள அட்டை) எடுத்துக்குங்க, போராங் ரெண்டு காப்பி எழுதுங்க, ஒன்னுல சாப்பு வாங்காம வெளிய வராதீங்க. மலாய்ல எழுதத் தயக்கமா இருந்தா ஞாயித்துக்கிழம காலையில கோயில் மண்டபத்துல நான் இருப்பேன், வாங்க, உக்காந்து எழுதிடுவோம்.