பாடகர் குழு ஏன் சீறுகிறது? பெண்டெரெட்ஸ்கியின் 'லூக்கா பாடுகள்'

(ஒலி: கிசுகிசுப்பு, சீறல், திடீர்க் கூச்சல்)

சந்தையில் சண்டை மூண்ட மாதிரி இருக்கிறது, இல்லையா? இது பேராலயத்தில் அரங்கேறிய இசை. போலந்து இசையமைப்பாளர் கிஷிஷ்டோஃப் பெண்டெரெட்ஸ்கி எழுதிய 'லூக்கா பாடுகள்'. பாடுகள் என்றால் இங்கே பாட்டுகள் இல்லை, லூக்கா நற்செய்தி சொல்லும் இயேசுவின் துன்பங்கள். 1966 மார்ச் 30 அன்று, ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் முதன்முதலாகப் பாடினார்கள்.

வேஷமும் நடிப்பும் இல்லாமல் பாட்டாலேயே கதை சொல்வதுதான் ஒராட்டோரியோ. இதுவும் அப்படித்தான். கதை, ஒலிவ மலை ஜெபத்தில் தொடங்கி இயேசு சிலுவையில் உயிர்விடும் வரை. மொழி லத்தீன். பழைய ஜெர்மன் இசை மேதை பாக் எழுதிய பாடுகளில், கதை சொல்லும் நற்செய்தியாளரின் வரிகளை ஒருவர் பாடுவார். பெண்டெரெட்ஸ்கி அவரைப் பேச வைத்துவிட்டார். பாடும் வேலை பெரும்பாலும் கோரஸ், அதாவது பாடகர் குழு தலையில். ஆண், பெண் குரல்கள் கலந்த மூன்று குழுக்கள், கூடவே சிறுவர் குழு.

(திரையில்: ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் முன் கூட்டம்)

'சிலுவையில் அறையும்' என்று கத்துகிற கூட்டம் யார்? அதே கோரஸ்தான். கத்துகிறார்கள், சீறுகிறார்கள், எள்ளி நகைக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே தொண்டைகள் சிலுவையடியில் நிற்கும் தாய்க்காக அழுகின்றன. அந்த 'ஸ்டாபாட் மாட்டெர்' பகுதியை அவர் 1962இலேயே தனியாக எழுதி வைத்திருந்தார். அதில் ஒரே சொல்லைத் துண்டு துண்டாக்கி, ஓர் அசையை இந்தக் குரலுக்கும் அடுத்ததை இன்னொரு குரலுக்கும் கொடுக்கிறார்.

பாக்குக்கு ஒரு மரியாதையும் உண்டு. ஜெர்மானியர்கள் சுரங்களுக்கு வைத்த எழுத்துகளில் பி, ஏ, சி, ஹெச் என்று வாசித்தால் பாக் பெயர் வந்துவிடும். கீபோர்டில் பாருங்கள், நான்கும் ஒட்டி ஒட்டி இருக்கும் கட்டைகள். இசைக்குள் இது அடிக்கடி தலைகாட்டும்.

சரி, ஏன் 1966? 966இல் போலந்தின் ஆட்சியாளர் மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றார். அதன் ஆயிரமாவது ஆண்டு அது. திருச்சபை அதைக் கொண்டாட, கம்யூனிஸ்ட் அரசு 'போலந்து அரசுக்கு வயது ஆயிரம்' என்று போட்டிக்கு விழா எடுத்தது. போப் ஆறாம் பவுல் வர விரும்பியும் அனுமதி கிடைக்கவில்லை. அந்த வருஷம் பார்த்து, அந்த நாட்டுக்காரர் இயேசுவின் பாடுகளை எழுதினால் யாருக்குத்தான் அது வெறும் இசையாகக் கேட்கும்?

அப்புறம் அந்த முடிவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் காதைக் கிழித்துவிட்டு, 'உண்மையின் கடவுளே' என்ற சொல்லில் தெளிவான ஈ மேஜர் கார்டு, அதாவது இனிமையாக ஒத்துப்போகும் சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது, வந்து நிற்கிறது. முதல் தடவை எனக்கு அது ஒட்டாத மாதிரிதான் இருந்தது. இப்போது ஹெட்போனில் நீங்கள் கேளுங்கள்.

(ஒலி: இறுதிக் கார்டு)